மஞ்சள் கயிறு கட்டிய பொட்டலம்

பெரியம்மா தன் இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பொட்டலம் என் மேசை மேல் இருக்கிறது. பழைய செய்தித்தாள், மடிப்பெல்லாம் பழுத்துப் போயிருக்கிறது. குறுக்கே மஞ்சள் கயிறு, இரட்டை முடிச்சு. குலுக்கினால் உள்ளே சருகு உரசுகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் இதைப் போலவே இன்னொரு பொட்டலமும் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்துத்தான் பெரியப்பா நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் செய்யச் சம்மதித்தார்.

அவரைவிடச் சந்தேகக்காரர் ஒருவரை நான் இதுவரை பார்க்கவில்லை. மண்டியில் எடை போட்ட நிலக்கடலை மூட்டையை அவிழ்த்து வேறு தராசில் போட்டுப் பார்ப்பார். பால்காரர் எதிரிலேயே பாலில் விரலை விட்டுத் தூக்கிப் பார்ப்பார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால்கூட சொம்புக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். "நம்பலீன்னு இல்ல சாமி, பாத்துக்கறது நல்லது" என்பார். யாருக்கும் கோபம்கூட வராது, அவ்வளவு பொதுவாக எல்லாரையும் சந்தேகப்பட்டார்.

சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதயத்து வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டிருந்தது. கிணற்றடியிலிருந்து களத்துக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியதாயிற்று. மல்லாந்து படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினார். சேலத்து டாக்டர், மெட்ராஸுக்குப் போய் வால்வை மாற்றிவிட வேண்டும், விட்டால் ரொம்ப நாள் தாங்காது என்றார். மாற்றும்போது உயிருக்கு ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கவில்லை. கல்லூரியில் படித்தவள் என்பதால் அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு. "டாக்டரு இம்புட்டு நேரம் பேசுனாரு, நீ ரெண்டு வார்த்தைல முடிச்சுப்புட்டயே. மீதி எங்க கண்ணு?" என்று பெரியப்பா என்னையும் பிடித்துக்கொண்டார்.

இன்னும் இரண்டு டாக்டர்களிடம் போனோம். வேறு வேறு ஊர், ஒருவரையொருவர் தெரியாதவர்கள். மூவரும் ஒன்றையே சொன்னார்கள். மற்றவர்களுக்கு அதில் தெளிவு பிறக்கும். பெரியப்பாவுக்குச் சந்தேகம்தான் முற்றியது. "எப்படி மூணு பேரும் பேசி வெச்ச மாதிரி ஒண்ணையே சொல்றாங்க?" என்றார்.

இதில் சிக்கல் வேறு இருந்தது. பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு ஏதாவது ஆனால் காடு தோட்டமெல்லாம் கடைசியில் தம்பியான என் அப்பாவிடம்தான் வந்து சேரும் என்று ஊரே பேசியது. அதனால் அப்பா வாயைத் திறக்கவில்லை. 'ஆப்பரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள்' என்றால் மேசையிலேயே போகட்டும் என்று அர்த்தம். 'வேண்டாம்' என்றால் வீட்டிலேயே போகட்டும் என்று அர்த்தம். தினமும் வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். பெரியம்மா மட்டும் விடவில்லை. "ஏனுங்க மாமா, மெட்ராஸுக்குப் போயரலாமுங்க" என்று காலையும் மாலையும் சொன்னாள். அவள் அவ்வளவு அவசரப்படுவதையும் அவர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். எனக்கு அது பொறுக்கவே இல்லை.

மனிதர் யாரையும் நம்ப முடியாதபோது எங்கள் பக்கத்தில் பூக் கேட்போம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டிக் குலதெய்வத்தின் முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பெரியம்மா நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து வந்து, மறைவாகப் பொட்டலம் கட்டி, வெள்ளைத் தறிநூலால் முடிச்சுப் போட்டாள். சொந்தக்காரக் குழந்தை எடுக்கக் கூடாது என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோயிலுக்கு முடியிறக்க வந்திருந்த யாரோ ஒருவர் குழந்தை எடுத்தது.

வெள்ளை வந்தது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரி பெரியப்பாவின் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டு, மீதிப் பொட்டலத்தைக் கிணற்றில் போட எடுத்தார். "அத இங்க குடுங்க" என்று பெரியப்பா கையை நீட்டினார். பெரியம்மாவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அவர் பிரிக்கவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "போலாம்" என்று நடந்தார்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் வந்து, உடம்பில் எந்தக் கயிறும் இருக்கக் கூடாது என்று அந்த மஞ்சள் கயிற்றைக் கத்தரித்தாள். தரையில் விழுந்ததை அவர் குனிந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பக்தி என்று நினைத்தேன். மறுநாள் தள்ளுவண்டியில் படுக்கும் முன் சட்டையை மடித்துப் பெரியம்மாவிடம் கொடுத்து, "வாரேன் புள்ள" என்றார். சட்டையைத் தடவிய அவள், பையில் கையை விட்டு எதையோ எடுத்துப் பார்த்தாள். அப்புறம் மாலை வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பயம் என்று நினைத்தேன்.

பெரியப்பா பிழைத்து வந்தார். புது வால்வு 'டிக் டிக்' என்று அடிப்பது பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். அதற்கப்புறம் நெடுங்காலம் இருந்து, மண்டித் தராசுகளை மிச்சமில்லாமல் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் போனார்.

அவர் காரியம் முடிந்த பின் ஒரு மத்தியானம் பெரியம்மா இந்தப் பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

"ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன் சாமி. இவரு அப்பனுக்கு ஒடம்பு முடியாதப்பவும் அந்தச் சாமி நல்ல வாக்குத்தான் குடுத்துச்சு, மனுசன் பொழைக்கலியே. அத நம்பி எப்படி உடறது? நான் தறிநூல்ல கட்டுனேன். அன்னிக்கு ஆஸ்பத்திரியில கைல எடுக்கறேன், மஞ்சக் கயிறு கட்டியிருக்குது. பிரிச்சுப் பாத்திருக்காரு. நான் பண்ணுன திருட்டுத்தனம் தெரிஞ்சுதான் உள்ள போனாரு."

"அப்பறம் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலீங்களா பெரியம்மா?"

"ஒரு வார்த்தை கேக்கலியே."

முந்தின நாளே அவர் எழுந்து ரயிலேறி ஊர் வந்து சேர்ந்திருக்கலாம். சாமியும் சொல்லவில்லை, டாக்டரையும் நம்பவில்லை. பிறகு எதை நம்பி அந்த வண்டியில் ஏறிப் படுத்தார்? முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறேன். மூட்டை கட்டுகிறவர் போடுகிற இறுக்கமான முடிச்சு. எனக்கும் அவர் ரத்தம்தான். பிரித்துப் பார்க்கக் கை பரபரக்கிறது. ஆனால் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது. நான் கொடுத்தால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பெரியம்மா கொடுத்தால் உள்ளங்கையைக்கூடப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வார்.