தீயில்லாத சூடு

மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் மாடிச் சுவரில் கையை வைத்தபோது காய்ச்சல்காரனின் நெற்றி போலச் சுட்டது. அடுப்பு அணைந்து இரண்டு வருடமாகியிருந்தது. வெளியே நமுனுகுல மலையே தெரியாதபடி மூடுபனி. ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை.

நான் அங்கே கடைசி டீமேக்கர், தேயிலை பதப்படுத்தும் வேலைக்குப் பொறுப்பாளன். சாவி என் பொறுப்பில் இருந்ததால்தான் டாக்டரம்மா என்னைத் தேடி வந்தார். வைத்தியரல்ல, இரசாயனப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஸ்பிரிங்வெளி தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, வெளிநாட்டில் வாகனப் புகையின் நஞ்சை நீக்கும் ஊக்கிகளை ஆராய்ந்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஊக்கி என்றால் என்னவென்று கேட்டேன். "தான் தீந்து போகாம மத்ததைத் தூண்டிவிடுற பொருளுங்க ஐயா" என்றார். தேயிலைக் கழிவைக் கரியாக்கி, அதில் இரும்பை நுண்ணிய துகளாக ஏற்றி, விறகடுப்புப் புகையைச் சுத்தமாக்குவது அவர் எண்ணம். அந்தக் கரி மூட்டைகளைக் கீழ் அறையில் அடுக்கிப் பூட்டியிருந்தோம்.

அந்த மழையில் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்தது. மண் சரியுமென்று பயந்த மூன்று குடும்பங்களுக்குத் தொழிற்சாலை மாடியைத் திறந்துவிட்டேன். மறுநாளே தரையும் சுவரும் வெதுவெதுப்பாயின. புகையில்லை, வாடையில்லை. சாமி கொடுத்த சூடு என்று கதவு ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டார்கள். கொழுந்து பறித்து ஓய்ந்த அக்கா ஒருவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எம் புருசன் வந்து கால்மாட்டுல ஒக்காந்திருக்காருங்க. ஒண்ணும் பேசல." அவர் கணவர் இறந்து பல வருடம். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் யாரோ வந்திருந்தார்கள். நானும் சற்று உட்கார்ந்தேன். தலை கனத்தது. முதுகுக்குப் பின்னால் அம்மா என் பெயரைச் சொன்னாள், சோறு ஆறிப்போகிறது என்று கூப்பிடும் அதே குரலில்.

நல்லவேளை, டாக்டரம்மாவிடம் இந்த அதிசயத்தைச் சொல்லத் தோன்றியது. பாதை அடைபட்டு அவர் பசறையில் நின்றிருந்தார். போனில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தீ எங்க எரியுது?"

"எங்கயும் இல்லம்மா."

"எல்லாரையும் வெளிய கொண்டு வாங்க. மழையில நனஞ்சா பரவால்ல. இப்பவே."

ஜன்னலைத் திறக்கப் போனபோது விளிம்பில் இரண்டு சிட்டுக்குருவிகள் செத்துக் கிடந்ததைப் பார்த்தேன். இரண்டு பேரைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. எல்லோரும் பிழைத்தார்கள்.

மாலைக்குள் டாக்டரம்மா நடந்தே வந்து சேர்ந்தார். கீழ் அறையைத் திறந்து முதலில் தனியாக உள்ளே போனார்; பிறகுதான் மூட்டைகளை வெளியே எடுத்தோம். ஈரம் பட்ட கரி, இரும்பின் தூண்டுதலால் சுவாலையில்லாமல் கனன்று காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவைக் கக்கியிருக்கிறது. அந்த வாயு மூளையை மயக்கி இல்லாததைக் காட்டும் என்றார். மூன்று குடும்பங்களிடமும் போய், "என் தப்புதான்" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார். புகை ஆராய்ச்சியை அத்தோடு விட்டார். இன்று அவர் ஆராய்வதெல்லாம், சேமித்து வைத்த ஊக்கிகள் எப்படித் தாமாகவே சூடேறுகின்றன, அதை எப்படித் தடுப்பது என்பதுதான். அவரோடு படித்தவர்கள் பெரிய எண்ணெய்க் கம்பனிகளில் இருக்கிறார்கள். அவரோ இன்னமும் ஏதாவதொரு களஞ்சியத்தில் மூட்டைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு அந்தக் குடும்பங்களைத் தங்கவைத்த முகாமில், அந்த அக்கா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டதை மறக்க முடியவில்லை. "ஒரே ஒரு நாள் அந்தக் கதவைச் சாத்திக்கிட்டு இருக்க விடு புள்ள. அவரு இன்னும் பேசலயே." வாயுவைப் பற்றி அவ்வளவு விளக்கிய டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் கையை வருடிக்கொண்டேயிருந்தார்.

அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது டாக்டரம்மா என்னிடம் கேட்டார்: "உங்களுக்கு யாரு வந்தாங்க ஐயா?"

"யாரும் வரலம்மா" என்றேன்.

நம்பியதாகத் தெரியவில்லை. பஸ் வளைவில் திரும்பி வந்தது. "மூட்டையெல்லாம் எடுக்குறதுக்கு முந்தி, கீழ் அறையைத் திறந்து நான் தனியா போனேன்ல" என்றார். "வாயுதான்னு தெரிஞ்சும், எனக்கு வந்தவங்ககூட கொஞ்ச நேரம் நின்னுட்டேன்."