வலி இல்லை என்று சொன்னவள்

தலையணை உறையை உருவி உதறினேன். மாத்திரைகள் தரையில் சிதறி, கட்டிலுக்கு அடியிலும் இரண்டு உருண்டு ஓடின. காலையில் நானும் மாலையில் அவள் கணவரும் தண்ணீரோடு கையில் கொடுத்து, விழுங்கிவிட்டாள் என்று நம்பிய வலி மாத்திரைகள்.

"இது என்ன, பல்லி முட்டையா?" என்று கேட்டேன்.

கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவள் சிரிக்கப் பார்த்தாள். பாதிச் சிரிப்பிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

நோயாளிகளை அவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என் தொழில். குளிப்பாட்டுவேன், புண்ணுக்கு மருந்து கட்டுவேன், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பேன். கடைசிவரை கூட இருப்பேன். மருந்தைத் துப்பிய நோயாளிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இத்தனை வலியோடு மருந்தை ஒளித்துவைத்த ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

அவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். மேஜை விரிப்பு, படுக்கை விரிப்பு, விருந்தாளிகளின் சட்டைகள் என்று நாள் முழுக்க நீராவியில் நின்றிருக்கிறாள். வலது முழங்கையில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று உண்டு. "மேனேஜரோட கால்சட்டையைக் காப்பாத்தப்போய் வாங்கினது. அந்த ஆளு ஒரு நன்றிகூடச் சொல்லல" என்பாள். இஸ்திரி போட்ட துணியைக் குழல்விளக்கின் கீழே வைத்துப் பார்த்து ஒருபோதும் அனுப்பமாட்டாளாம். ஜன்னலருகே எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பாளாம். மங்கலான கறை அங்கேதான் தெரியும்.

வயிற்றில் தொடங்கிய புற்று எலும்புக்குப் போய்விட்டது. இனி வலியில்லாமல் வைத்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும், கணவருக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது சட்டம்.

சட்டம் போட்டவள் நாத்தனார். கெட்டவள் இல்லை. அண்ணிக்குக் கஞ்சி கொண்டுவருவாள், துணி துவைத்துப் போடுவாள். மாலையில் சபையிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்து கட்டிலைச் சுற்றி ஜெபிப்பாள். முடிவில் தவறாமல் கேட்பாள்:

"அண்ணி, விசுவாசத்தோட சொல்லுங்க. வலி இருக்கா?"

"இல்ல."

"சத்தமா!"

"வலி இல்ல."

எல்லோரும் கைதட்டுவார்கள். போர்வைக்கு அடியில் அவள் கால்விரல்கள் சுருண்டுகொள்ளும். கால்மாட்டில் நின்ற எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

மாத்திரைகளைப் பொறுக்கி ஒரு தாளில் மடித்து என் கைப்பையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாத்திரை வேண்டாம்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. வலி இல்லன்னு ஆண்டவர் முன்னாடி சாட்சி சொல்லிட்டு, அப்புறம் வலி மாத்திரை முழுங்கினா அது பொய்யில்லையா? அதான் நிறுத்திட்டேன். நான் சொன்னது பொய்யாகாம இருக்கணும்னா அவர் வலியை எடுத்துத்தானே ஆகணும்?"

அவள் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"வலிக்குதுன்னு உண்மையைச் சொல்லிட்டுப் போயேன். சுலபமாச்சே."

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வருஷக்கணக்காக ஆலய வாசலை மிதிக்காதவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் அந்தத் தெருவழியே பஸ் ஓட்டிப்போகும்போது வேண்டுமென்றே ஹாரனை அழுத்துவாராம். வீட்டுக்கு வந்து, "உங்க சாமிக்கு ஒரு வணக்கம் வச்சேன், கேட்டுச்சா?" என்பாராம். அதே மனிதர் இவள் படுத்தபின் மண்டிபோட ஆரம்பித்துவிட்டார். வேலை முடிந்து வந்து குளித்து, காக்கிச் சட்டையை மாற்றி, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுது ஜெபிக்கிறார்.

"இத்தனை வருஷமா நான் கேட்டது இதத்தான்க்கா. இப்ப நான் வலிக்குதுன்னா, செத்துப்போறேன்னா, அவர் எழுந்து போயிடுவார். திரும்ப வரமாட்டார். அவர் இரட்சிப்பு என் உடம்புலதான் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

"உன் உடம்புலயா? அப்ப சிலுவையில ஒருத்தர் செத்தாரே, அவர் எதுக்கு? நீ பத்தாதுன்னுதானே அவர் வந்தார்?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் டாக்டருக்குப் போன் செய்தேன். அது என் கடமை. அவளிடமும் சொல்லிவிட்டே செய்தேன். குறைந்த அளவில் மறுபடி தொடங்கச் சொன்னார். ஆனால் சம்மதம் அவளுடையது. வாயைப் பிளந்து போடும் வேலை எனக்குத் தெரியாது. "ஞாயிற்றுக்கிழமை முடியட்டும்" என்று மட்டும் சொன்னாள். அவளை நாற்காலியில் வைத்துச் சபைக்குத் தூக்கிப்போய் எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்லவைக்க நாத்தனார் ஏற்பாடு செய்திருந்தாள். அதுவரை இவள் தாங்குவாளா என்பதே எனக்குச் சந்தேகம்.

அந்த ஞாயிறு காலை நான் போனபோது கணவர் அவள் அறையில் மேஜைமேல் போர்வையை விரித்துத் தன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல் தடவை. அவள் கட்டிலிலிருந்து கண்ணாலேயே மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அங்கயே நிக்காதீங்க, பெட்டியை நகத்துங்க. பஸ் ஸ்டாப்பா அது?"

"எனக்கும் தெரியும், நீ சும்மா இரு."

சொல்லி முடிப்பதற்குள் கருகல் வாசனை வந்தது. பெட்டியைத் தூக்கினார். சட்டைப் பைக்குக் கீழே பழுப்பாக ஒரு தீய்ந்த தடம். அவசரமாக மடித்து அதை உள்பக்கம் தள்ளினார்.

"ஒண்ணும் ஆகலையே."

"ஜன்னல்கிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

"காட்டுங்கங்க."

அவர் ஜன்னலருகே போய்ப் பிடித்தார். வெயிலில் தடம் பளிச்சென்று தெரிந்தது. அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது.

"வெளிச்சத்துல காட்டச் சொல்றது திட்டுறதுக்கு இல்லங்க. எங்க தீஞ்சிருக்குன்னு தெரிஞ்சாத்தானே கைவைக்க முடியும்? இத்தனை நாளா நானும் மடிச்சு மடிச்சு உள்ள தள்ளிட்டேன். எனக்கு வலிக்குதுங்க. ரொம்ப. நான் குணமாகல. செத்துப்போயிட்டிருக்கேன்."

"அப்படிச் சொல்லாதே."

"சொல்லாம இருந்ததுலதான் பயந்து பயந்து கெடந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்கதானே சிஸ்டர் இவ மனசைக் கலைச்சது?"

"நான் மாத்திரையைத்தான் பொறுக்கினேன் தம்பி" என்று கைப்பையிலிருந்த தாளைப் பிரித்துக் காட்டினேன். அவர் அவற்றைப் பார்த்தார். புரிந்ததும் இஸ்திரிப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பனியனோடு வெளியே போய்விட்டார்.

அவள் பயந்தது நடந்துவிட்டது. வாசல் கதவைச் சாத்திய சத்தம் கேட்டு அவள் முகம் வெளுத்தது. நான் ஆறுதல் சொல்லவில்லை. அவர் திரும்பி வருவார் என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? "மாத்திரை போடுறியா?" என்று கேட்டேன். வாயைத் திறந்தாள். இந்த முறை விழுங்கினாள்.

நாற்காலி தூக்க ஆட்களோடு நாத்தனார் வந்தாள். "இன்னைக்கு வரல பாப்பா, வலிக்குது" என்று இவள் சொன்னதும், "அண்ணி, விசுவாசத்தை விட்டுடாதீங்க" என்று பதறினாள்.

"விடல. நான் பிடிச்சதா விடுறதுக்கு? அவர்தானே என்னைப் பிடிச்சிருக்கார்."

நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விம்மினாள். அவளுக்கும் பயம்தான். ஜெபத்தைச் சத்தமாக்கி அதை அமுக்கிவைத்திருந்தாள்.

மதியம் தாண்டித்தான் அவர் வந்தார். அதே பனியன். மண்டிபோடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கூரையைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு உம்மேல கோவம். இவ உமக்கு என்ன பண்ணினா? நான்தானே பண்ணினேன்? எனக்குக் குடுத்திருக்கலாம்ல?" அதற்குமேல் வரவில்லை. ஆமென்கூடச் சொல்லவில்லை.

நாத்தனார் வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன்.

இஸ்திரியக்கா கணவரின் முழங்காலைத் தொட்டாள். "முன்னாடி ஹாரன் அடிச்சீங்களே, அதையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார்ங்க. இதையும் கேட்பார்."

அதன்பிறகு அவள் அதிக நாள் இல்லை. வலி முழுதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். தாங்கும்படி இருந்தது. கால்விரல்கள் நீண்டு கிடந்தன. இரவில் வலி கூடினால் கணவரை எழுப்பிச் சொல்வாள், அவரும் கேட்பார்.

அடக்க ஆராதனையில் நாத்தனார் பேச எழுந்தபோது அவர் தடுத்துவிட்டு முன்னால் போய் நின்றார். "அவளுக்கு வலிச்சுது. நான் கேக்கவே இல்ல" என்றார். வந்து உட்கார்ந்துவிட்டார். போட்டிருந்தது அந்தத் தீய்ந்த சட்டை.

பிறகு ஒருமுறை அவர் ஓட்டிவந்த பஸ்ஸில் ஏறினேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், எனக்காகத்தானே அவ தாங்கினா?"

"ஆமா."

"நான் இன்னும் சபைப் பக்கம் போகல. கோவம் போகமாட்டேங்குது. என்னை விட்டுட்டாரோ?"

"ஆள் இருந்தாத்தானே தம்பி கோவப்பட முடியும்?"

அவர் நேரமாகிவிட்டது என்று இஞ்சினைக் கிளப்பினார்.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரின் சபைக்கு ஆராதனைக்குப் போயிருந்தேன். மௌன ஜெப நேரம். தெருவில் ஒரு பஸ் ஹாரன் நீளமாக அடித்தது. முன்வரிசையிலிருந்து நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த ஹாரன் கோபமா, வணக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்துவைத்திருந்த நான், அதையும் மூடிக்கொண்டேன்.