ஆடாத வண்டி

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. நல்ல புழுக்கம். அண்ணாமலையின் உச்சியில் மட்டும் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. பெய்கிற மேகமாகத் தெரியவில்லை. வேலூர் சாலைப் பட்டறையில் என் காரை ராம்ப் மேல் ஏற்றி, நாலு சக்கரத்திலும் தட்டுப் போன்ற கருவிகளை மாட்டியிருந்தார்கள். எதிரே கம்ப்யூட்டர் திரையில் எட்டு எண்கள். அவற்றில் ஆறு சிவப்பு.

அலைன்மெண்ட் பார்ப்பது அதுதான். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று இயந்திரம் சொல்லும். நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் சங்கிலி பிடித்து வயல்களையும் தெருக்களையும் நேர்க்கோட்டில் அளந்தவன் நான். என் சொந்த வண்டியின் நாலு சக்கரமும் நாலு திசையைப் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், டயரு உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க. வண்டி லெஃப்ட்ல இழுக்குது. கீழ ரப்பர் புஷ் எல்லாம் போயிடுச்சி. ஷாக் அப்சார்பர் செத்து ரெண்டு வருஷம் ஆவுது" என்றார் மெக்கானிக். ஐம்பது வயதிருக்கும். கார் பந்தயம் பற்றிப் பேச ஆரம்பித்தால் கையில் இருக்கும் ஸ்பானரை மறந்துவிடுவார்.

"ரெண்டு வருஷம்னு எப்படிக் கணக்கு பண்ணீங்க?"

"ஒரு குத்துமதிப்புதான் சார். ஆடிட்டரா இருந்தீங்களா?"

நான் சிரிக்கவில்லை. எனக்கு அவசரம் இருந்தது.

பிப்ரவரியில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டில் ஒரு எலும்பு நசுங்கிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், ஆனால் குலுங்கக் கூடாது என்றார் டாக்டர். பதினோரு வயதான எங்கள் காரில் உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலே அன்று முழுதும் படுத்துவிடுவாள். மே மாதம் ஒரு வாடகை வேனில் அவள் அக்காவைப் பார்க்கக் கிளம்பினோம். தெருமுனை தாண்டுவதற்குள் இறங்கிவிட்டாள்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, உள்ளே நாலு கிலோமீட்டரில் ஒரு கிராமத்தில் அவளுடைய அக்கா இருந்தார். எண்பத்தொரு வயது. படுக்கையோடு படுக்கையாகி நாலு மாதம். கூடப்பிறந்தவர்கள் ஆறு பேரில் மீதி இந்த இருவர்தான். அக்காவுக்குக் காது மந்தம். போனில் கத்த வேண்டும்.

"ஏண்டி, மலைய உட்டு நவுரவே மாட்டியா? நான் போன பின்னாடி மால போடத்தான் வருவியா?" என்பார்.

"காரு ரெடியாவுதுக்கா. வந்து ஒன் தலையில ஒரு குட்டு குட்டறேன், இரு" என்று என் மனைவி படுத்தபடியே கத்துவாள். போனை வைத்ததும் என்னைப் பார்ப்பாள். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

அதனால்தான் பட்டறைக்குப் போனேன்.

மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். "சாதா ஷாக் அப்சார்பர் போட்டா மெத்துனு இருக்கும், ஆனா வளைவுல சாயும் சார். கேஸ் அடைச்ச டைப்பு போட்டு, ஸ்பிரிங்ல ரப்பர் பஃபர் சொருகிட்டோம்னா வண்டி ரோட்டக் கெட்டியா புடிச்சிக்கும். கொஞ்சம் ஒசரமும் ஏறும். ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டாது."

"ஆடக் கூடாது. எனக்கு அதான் முக்கியம்."

"அப்போ கேஸ்தான் சார். நூறுல போய் வளைச்சாலும் அசையாது."

நான் நாற்பதைத் தாண்டி ஓட்டுபவன் அல்ல. ஆனால் ஆட்டம்தான் அவள் முதுகை வாட்டுகிறது என்று முடிவு கட்டியிருந்தேன். ஆடாத வண்டி வலிக்காத வண்டி என்று தோன்றியது. சரி என்றேன். மூன்று நாள் ஆயிற்று. கடைசியில் மறுபடி ராம்ப்பில் ஏற்றியபோது எட்டு எண்களும் பச்சைக்கு மாறின. அந்தப் பச்சையைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதி, என் பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்த நாளில்கூட வரவில்லை.

வண்டி வந்தது வெள்ளிக்கிழமை. அன்று பௌர்ணமி. எங்கள் ஊரில் புது வண்டியானாலும் பெரிய வேலை பார்த்த வண்டியானாலும், நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு முதலில் மலையை ஒரு சுற்று சுற்றி வருவோம். அதற்கு முன் வெளியூர் எடுப்பதில்லை. பௌர்ணமியில் கிரிவலப் பாதையில் லட்சம் கால்கள் நடக்கும். கார் போக முடியாது. மறுநாளும் கூட்டம் வடியவில்லை.

"சுத்தாம போனா என்னாங்க? சாமி கோச்சிக்குமா?" என்றாள் என் மனைவி.

"ரெண்டு நாள்தான்."

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் மட்டும் கிளம்பினேன். அந்தப் பாதை பதினாலு கிலோமீட்டர். செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்காகப் போட்ட சாலை. எங்கள் மாவட்டத்தில் அவ்வளவு வழவழப்பான தார் வேறெங்கும் கிடையாது. கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆளில்லாத ஓர் இடத்தில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து எண்ணினேன். பதினொன்று வரை வண்டி கோட்டை விட்டு விலகவில்லை. அடி அண்ணாமலையில் வண்டியை நிறுத்தி டீ குடித்தேன். டீக்கடைக்காரர், "புது வண்டியா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல மனம் வராமல் தலையை ஆட்டி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்: "தண்ணி மாதிரி போவுது."

திங்கட்கிழமை ராகுகாலம் கழித்து ஒன்பதே காலுக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் தலையணை நாலு. அக்காவுக்காக ஒரு டப்பாவில் ரவா லட்டு. பல் இல்லாதவர் என்பதால் பாலில் கரைத்துக் கொடுக்கலாம் என்று யோசித்து, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் செய்யச் சொல்லியிருந்தாள். நெடுஞ்சாலையில், "பரவால்லீங்க" என்று மூன்று முறை சொன்னாள். ஸ்பீட் பிரேக்கர்களை நான் மாட்டு வண்டி வேகத்தில் ஏறி இறங்கினேன். அடி தட்டவில்லை.

கீழ்பென்னாத்தூர் தாண்டி கிராமத்துச் சாலையில் திரும்பினேன். போன மழையில் அரித்து, ஜல்லி மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த சாலை. முதல் பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. பழைய வண்டியாக இருந்தால் தொபுக்கென்று விழுந்து ஊஞ்சல் மாதிரி இரண்டு ஆட்டம் ஆடியிருக்கும். இது ஆடவே இல்லை. அந்த அடி அப்படியே இரும்பு வழியாக ஏறி சீட்டில் குத்தியது. என் பல்லே ஒன்றோடொன்று மோதியது. பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்தபடி இருந்தாள்.

இன்னும் மெதுவாகப் போனேன். அடுத்ததில் கத்திவிட்டாள்.

"நிறுத்துங்க. நிறுத்துங்க. உயிரு போவுது."

நிறுத்தினேன். மீட்டரைப் பார்த்தேன். எண்ணூறு மீட்டர் உள்ளே வந்திருந்தோம். "இன்னும் மூணு கிலோமீட்டர்தான். கொஞ்சம் பொறுத்துக்கிட்டா..."

"நடந்தே போயிடலாமா?" என்றாள். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகவே சுவரைப் பிடிக்கிறவள். கிண்டலா, கெஞ்சலா என்று எனக்குத் தெரியவில்லை. வேர்க்கடலை வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள்.

பிறகு அவளே சொன்னாள்: "திருப்புங்க."

டாக்டர் இரண்டு வாரம் அசையவே கூடாது என்றார். நான் அன்று மாலையே பட்டறைக்குப் போனேன்.

"எல்லாத்தையும் கழட்டிட்டு மெத்துனு இருக்கறத போடுங்க."

"ஆடக் கூடாதுன்னீங்க சார், ஆடல. இப்போ ஆடணும்ங்கிறீங்க. நாளைக்கு வந்து பறக்கணும்னு சொன்னா என்கிட்ட ரெக்கை இல்ல" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சென்னைலேர்ந்து வரணும் சார், ஒரு வாரம் ஆவும்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஜூலை இரண்டாம் தேதி விடியற்காலை போன் வந்தது. அக்காவின் மருமகள். கார் பட்டறையில் சக்கரமில்லாமல் கல்மேல் நின்றிருந்தது. இருந்திருந்தாலும் என் மனைவியால் எழுந்திருக்க முடியாது. முகத்தைக் காட்டச் சொன்னாள். அந்தப் பெண் போனைப் பிணத்தின் மேல் பிடித்தாள். யார் யாரோ குறுக்கே வந்தார்கள். மாலைகளும் ஒரு தாடையும் மட்டும் தெரிந்தன. "காது கேக்காதே, எப்படிக் கூப்பிடறது" என்று என் மனைவி என்னிடம் கேட்டாள். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். லட்டு டப்பா அலமாரியிலேயே இருந்து எறும்பு ஏறியது. அதை யார் கொட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போனோம். சாதா ஷாக் அப்சார்பர், பஃபர் இல்லாத ஸ்பிரிங். அலைன்மெண்டும் மறுபடி பார்த்தாயிற்று, எட்டும் பச்சை. இந்தமுறை மலையைச் சுற்றவில்லை. அதே ஜல்லிச் சாலையில் பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி படகு மாதிரி அசைந்து அசைந்து போயிற்று. வளைவில் சாய்ந்தது. அவள் ஒரு முறைகூட முனகவில்லை. முன்பு நின்ற இடம் வந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலை பிடுங்கியிருந்தார்கள், வெறும் மண்.

அக்கா படுத்திருந்த கட்டிலை வெளியே சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சாப்பிடவில்லை. நான் இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் பேசினாள்.

"இப்போ நல்லாதான் போவுது."

மலை தெரிய ஆரம்பித்திருந்தது.

"மொத்தமா எவ்ளோ ஆச்சுங்க?"

சும்மா கேட்டாளா, என் வாயிலிருந்து அதைக் கேட்க வேண்டும் என்று கேட்டாளா தெரியவில்லை. முதல் தடவை, இரண்டாம் தடவை, எலுமிச்சம்பழம் நாலு எல்லாம் என் மனதில் ஏற்கெனவே கூட்டி வைத்திருந்தேன். சொன்னேன்.

முப்பத்திரண்டாயிரத்து நானூற்று எழுபது ரூபாய்.