பிரேக்கை மிதித்தால் அணைகிற விளக்கு

எங்கள் சித்தப்பாவின் லாரி எந்த வருஷத்து வண்டி என்று யாராவது கேட்டால், எந்தப் பாகத்தைக் கேட்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்பார். அடிச்சட்டம் பட்டாளத்தில் கழித்துக் கட்டியது. எஞ்சின் வேறொரு லாரியுடையது. ஸ்டியரிங் யாருடையது என்று அவருக்கே நிச்சயமில்லை. நெல் மூட்டை ஏற்றும் பின்பக்கத்தை மட்டும் பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் ஒரு தச்சர் புதுப் பலகையில் செய்து கொடுத்திருந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. ஆரணிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து செங்குன்றத்து அரிசி மில்களுக்கு நெல் ஏற்றிப்போவது அவர் தொழில். பயிர் வேலையை விட்டுவிட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று அப்பாவுக்குக் கோபம். அண்ணனும் தம்பியும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேச வேண்டியது ஏதாவது இருந்தால் சின்னப் பெண்ணான என் வழியாகத்தான் போய் வரும்.

முந்தின வருஷம் சித்தியை ஏற்றிக்கொண்டு, சென்னையிலிருந்து வடக்கே போகிற கல்கத்தா ரோட்டில் வரும்போது, குறுக்கே வந்த மாட்டுக்காகச் சித்தப்பா பிரேக் போட்டார். லாரியின் பின்னால் பிரேக் விளக்கு எரியவில்லை. பின்னால் வந்த பஸ் இடித்துவிட்டது. வண்டிக்குப் பெரிய சேதமில்லை. இருந்த ஒற்றைப் பின்விளக்கு நொறுங்கியதோடு சரி. சித்திக்குக் காய்ச்சல், கிட்டே போகாதே என்று என்னிடம் சொன்னார்கள். அவள் வயிற்றிலிருந்த பிள்ளை போய்விட்டதை, நான் கல்யாணமாகிப் போன பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள்.

அதற்கப்புறம் சித்தப்பா அந்த விளக்கை விடவில்லை. உடைத்துப் போட்ட பஸ் ஒன்றிலிருந்து பின்விளக்கைக் கழற்றிவந்து லாரிப் பலகையில் திருகினார். பிரேக்கை மிதித்தால் விளக்குக்குக் கரண்டு விடுகிற சுவிட்சை ஒரு ஜீப்பிலிருந்து கொண்டுவந்தார். வயரை மாற்றினார், பல்பை மாற்றினார். ஒவ்வொன்றை மாற்றியதும் அவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார். நான் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"எரியுதா?"

"எரியுது சித்தப்பா. ஆனா சோம்பலா எரியுது."

பகலில் அப்படி மங்கலாகவாவது எரிந்தது. இருட்டிய பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. முன்விளக்கைப் போட்டால் பின்னாலும் சிவப்பாக ஒரு பொட்டு தெரியும். பிரேக்கை மிதித்தால் அந்தப் பொட்டும் அணைந்துவிடும். எப்போது எரிய வேண்டுமோ அப்போது பார்த்து அணைகிற விளக்கு. பொழுது சாய்ந்தால் வண்டியை எடுப்பதையே சித்தப்பா நிறுத்திவிட்டார்.

சித்தி மறுபடி மாசமாகி, நாள் நெருங்கியிருந்த சமயம். ஐப்பசி மழை. சாயங்காலம் மேகம் இருட்டிக்கொண்டு வரும்போது அவளுக்கு வலி கண்டது. பார்க்க வந்த மருத்துவச்சி, பிள்ளை திரும்பியிருக்கிறது, இது தன் கைக்கு அடங்காது, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று கையை விரித்துவிட்டாள். மாட்டு வண்டி அந்தச் சேற்றில் எப்போது போய்ச் சேரும்? எல்லாரும் லாரியைப் பார்த்தார்கள். சித்தப்பா அசையவில்லை.

"லைட்டு இல்லாம அந்த ரோட்டுக்கு எடுத்துக்கினு போவமாட்டேன். இவள வெச்சிக்கினு போவவே மாட்டேன்."

அப்பா வீட்டுக்குள் போனார். டார்ச் லைட்டின் முகத்தில் அம்மாவின் சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். லாரியின் பின்பக்கம் ஏறிக் கடைசிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, பல மாதங்களுக்கப்புறம், தம்பியிடம் நேராகப் பேசினார்.

"பிரேக்கு போடும்போது உங்க அண்ணிய பலகைய தட்டச் சொல்லு. நான் காட்டுறேன். எடு வண்டிய."

முன்னால் சித்தப்பா, சித்தி, அம்மா, அம்மாவின் மடியில் நான். என்னை விட்டுப்போக வீட்டில் ஆளில்லை. ஒவ்வொரு முறை வண்டி நிதானிக்கும்போதும் அம்மா முதுகுப் பக்கத்துப் பலகையில் தட்டினாள். பின்னால் அப்பா நனைந்துகொண்டு டார்ச்சை அடித்தாரா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. சித்தி என் கையைப் பிடித்திருந்தாள். வலி வரும்போது எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தாள். அழுதால் இறக்கிவிட்டுவிடுவார்களோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பொழுது முழுசாக இருட்டாததால் முன்விளக்கை இன்னும் போடவில்லை. சித்தி எதிரே இருந்த ஸ்பீடு மீட்டரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு வந்தவள், திடீரென்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

"இத பாரேன். நீ கால வெச்சா இங்க மினுக்குது. எடுத்தா அணையுது."

"கம்முனு இரு" என்றார் சித்தப்பா. ஆனால் அடுத்த பள்ளத்தில் பிரேக்கை மிதிக்கும்போது அவரும் பார்த்தார். மீட்டருக்குள் இருக்கும் சின்ன பல்பு லேசாக மினுக்கியது. அவர் காலை எடுத்தார், வைத்தார், எடுத்தார். கல்கத்தா ரோட்டைத் தொடுகிற புதுவாயல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மழையில் குதித்தார்.

அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தம்பி, இவ இங்க துடிக்கிறா, நீ விளக்க நோண்டிக்கினு கீறியே!"

விஷயம் இதுதான். விளக்கைக் கழற்றிய பஸ்ஸின் உடம்பு இரும்பு. விளக்கை அதில் திருகினாலே, உள்ளே போன கரண்டு இரும்பு வழியாகத் திரும்பிவிடும். எங்கள் லாரியின் பின்பக்கம் மரம். போன கரண்டுக்குத் திரும்ப வழியில்லை. ஏதோ ஒரு துருப்பிடித்த ஆணி வழியாகக் கொஞ்சம் கசிந்தது. மீதி வேறு வயரில் புகுந்து மீட்டர் பல்பு வரைக்கும் வந்து வழி தேடியது. இதையெல்லாம் பிற்பாடு சித்தப்பா எத்தனையோ பேரிடம் விளக்கிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு நுனியை விளக்கின் திருகிலும் மறு நுனியை அடிச்சட்டத்திலும் முறுக்கியதை மட்டும் அப்பா டார்ச் பிடித்துப் பார்த்தார். சித்தப்பா ஓடிவந்து பிரேக்கை மிதித்தார். அப்பாவின் குரல் கேட்டது.

"ரோடெல்லாம் செவப்பா தெரியுதுடா!"

கல்கத்தா ரோட்டில் ஏறினோம். எங்களுக்குப் பின்னால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது. அதன் வெளிச்சம் பக்கக் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே போனது. தச்சூர் கூட்டுரோட்டில் பொன்னேரிப் பக்கம் திரும்புவதற்குச் சித்தப்பா பிரேக்கை மிதித்தபோது அம்மா இரண்டு கையாலும் பலகையைத் தட்டினாள். சித்தி வயிற்றைக் கட்டிக்கொண்டு குனிந்தாள். டயர்கள் கிறீச்சிட்டன. நீளமாக ஒரு ஹாரன். பிறகு அந்த லாரி எங்களை விட்டு விலகிச் சென்னைப் பக்கம் போய்விட்டது. சித்தப்பா வாய் விட்டு மூச்சு விட்டதை அப்போதுதான் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் அதிக நேரம் காத்திருக்கவில்லை. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். சித்தப்பாவைக் கூட்டிவா என்று அப்பா என்னை அனுப்பினார். அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பாப்பாவைத் தூக்கிக்கொள்ள வாருங்கள் என்றேன். கையைத் திருப்பிக் காட்டினார்.

"கையெல்லாம் கிரீஸுமா. அப்புறம் வரேன்."

குழாய் பக்கத்திலேயே இருந்தது. போய்க் கழுவினார். மறுபடி கழுவினார். கை சுத்தமான பிறகும் உள்ளே வராமல், திரும்பிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். அப்பா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு அவர் பிள்ளையைத் தொடவேயில்லை.

போன பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. பெண்ணாகப் பிறந்துவிட்டதாம், அதனால் தொட மாட்டாராம். எங்கள் தெருவில் அப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சித்தி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தொட்டிலுக்குள் குனிந்து, பாப்பாவின் காதோடு வாயை வைத்து, உங்க நைனாவோட பேசாத என்று சொல்லிவைத்தேன்.