சுல்தானா டீச்சரின் நாலு நாற்காலி

"சுல்தானா டீச்சர் நேத்து கிளாஸ்ல ஒக்காந்துட்டாங்களாம் மச்சான். ஊர்ல என் தங்கச்சி அம்ரீன்கிட்ட யாரோ சொன்னாங்களாம்." தோஹாவில் என்னோடு அறையில் தங்கியிருக்கும் ரஃபீக் இதைச் சொன்னதும் நான் போனைத் தேடினேன்.

டீச்சர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரம் வருவார். சைக்கிள் கடை மாடியில் ஆங்கில வகுப்பு. வரிசையாக நாலு நாற்காலி. முதலில் கொடுப்பவர், அடுத்து கொடுத்தல் என்ற வினை, பிறகு வாங்குபவர், கடைசியில் கொடுக்கப்படும் பொருள். ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் கொடுப்பவரா வாங்குபவரா என்று காட்டுவது அது உட்காரும் இடம்தான் என்று எங்களை மாற்றி மாற்றி உட்கார வைப்பார்.

"ஏன்டா அன்வர், எப்பவும் கடைசி நாற்காலிக்கே ஓடுற? நீ என்ன பொட்டலமா? மொத நாற்காலிக்கு வா!"

"நீங்க எதுல டீச்சர் ஒக்காருவீங்க?"

"நான் ஒக்காந்துட்டா கிளாஸ யாருடா நடத்துறது?"

முழங்கால் வீங்கியிருந்த மாதத்தில்கூடச் சுவரைப் பிடித்தபடி நின்றார். அந்த முதல் நாற்காலியில் பழகித்தான் இந்த வேலைக்கான இன்டர்வியூவில் நான் வாய் திறந்தேன்.

அவர் உட்கார்ந்தார் என்றால் என்ன ஆகியிருக்கும்? வீட்டில் துணைக்கும் ஆளில்லை. போன் போட்டேன். வழக்கமாக இரண்டாவது மணியிலேயே எடுத்து, "முழு வாக்கியமா பேசு" என்பார். இப்போது எட்டாவது மணி. என்னையறியாமல் எழுந்து நிற்கிறேன். அடித்துக்கொண்டே இருக்கிறது.