தோளில் ஒரு கை

'சோல்' என்னும் அமெரிக்கக் கறுப்பின இசை பாடிய அந்தப் பழைய குழுவின் படத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். கோட்டு, மெல்லிய டை, ஒரே பக்கம் சாய்ந்த தலைகள். டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த வீட்டில் அவர்களுடைய இசைத்தட்டுகளை வாங்கிக் குவித்தவள் என் தோழி. அவளுக்கு வேலை போயிருந்தது. விசா கெடுவுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அதனாலேயே எனக்குப் பிடிவாதம்: அந்தப் படத்தின் நல்ல பிரதியைத் தேடிப்பிடித்துப் பெரிதாக மாட்ட வேண்டும். போகப் போகிறவளுக்காக யாராவது சுவரில் ஆணி அடிப்பார்களா? அடித்துவிட்டால் அவள் இருந்துவிடுவாள் என்று ஒரு நினைப்பு.

வீடியோ காலில் அம்மா பதறினாள். "மூணு பேர் நிக்கற படத்தை வீட்ல மாட்டாதடி. ஒருத்தருக்கு ஆகாது. நீங்களும் மூணு பேரு."

"டெக்சாஸ்ல அதெல்லாம் அப்ளை ஆகாதும்மா."

இணையத்தில் கிடைத்ததெல்லாம் நகலின் நகல். பெரிதாக்கினால் முகங்கள் கரியாக அப்பிக்கொண்டன. ஓரத்தில் நிற்பவரின் தோளில் மட்டும் எல்லாவற்றிலும் ஒரு வெளிறிய கறை. கடைசியில் ஆலன் என்ற ஊரிலிருந்து ஒருவர் பதில் போட்டார். அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டவர். ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதி இருக்கிறதாம். சனிக்கிழமையே ஃப்ரீவேயில் பறந்தேன். வடக்கே வானம் பச்சையாகக் கறுத்திருந்தது. ஃபோன் சூறாவளி எச்சரிக்கையை அலறியது. வண்டியைத் திருப்பவில்லை.

அவர் படத்தை ஜன்னலோரம் வைத்தார். புருவ மயிர்கூடத் தெரிந்தது. தோளில் இருந்தது கறை அல்ல. விரல்கள். ஒன்றில் மோதிரம்.

நாலு பேர்தான் நின்றார்கள், தட்டு வெளிவருவதற்குள் ஒருவரை அனுப்பிவிட்டார்கள், ஓரத்தில் நின்ற அவரை வெட்டிவிட்டுப் பிரிண்ட் போடச் சொன்னார்கள், கையை மட்டும் வெட்ட முடியவில்லை என்றார். ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டேன். படத்தை உறையில் போட்டு நீட்டினார்.

வீட்டில் தோழி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"மூணு இல்லடி, நாலு!" என்றேன், அம்மாவின் பயத்தை ஜெயித்துவிட்ட குஷியில்.

"ஆள் போயாச்சு. கை மட்டும் நிக்குது பாரு," என்றாள் அவள்.

சோபாவில் ஃபோனோடு இருந்த மற்றவள் தோழியிடம், "ஹால்ல வெளிச்சம் பத்தாது. உன் ரூம் சுவர்ல மாட்டிடலாமா?" என்றாள்.

"வேண்டாம்டி. புதுசா வர்றவளுக்குப் பிடிக்கலன்னா?" என்றாள் தோழி.

மற்றவள் சட்டென்று ஃபோனைக் கவிழ்த்தாள். தோழியின் அறைக்கு அவள் வேறு ஆள் தேடத் தொடங்கிவிட்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆணி என் கையிலேயே இருந்தது.