அந்த ஒரு டெஸ்ட்டை அழிக்க மாட்டேன் என்றேன்!

இன்று காலை ஆபீஸில் முதலாளியை எதிர்த்துப் பேசிவிட்டேன்!

(வேலை இருக்கிறது. இப்போதைக்கு!)

திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் டெஸ்டராக இருக்கிறேன். டாக்டர் போனில் மருந்துச் சீட்டு எழுதினால், அது மருந்துக்கடைக்காரர் போனில் தெரியும். அதுதான் எங்கள் ஆப்.

புது வெர்ஷன் வரும்போதெல்லாம் அத்தனை பட்டனையும் நானே தட்டிப் பார்ப்பேன். விரல் தேய்ந்தது போதும் என்று சண்டை போட்டு, டெஸ்ட் ஆட்டோமேஷன் கொண்டுவந்தேன். இப்போது ஒரு ப்ரோகிராம் தானாகவே எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் புது வெர்ஷன் வெளியே போகாது.

இன்று செம்பட்டியில் ஒரு குழந்தை டாக்டருக்குப் புது வெர்ஷன் கொடுக்க வேண்டும். முதலாளி செந்தில் அண்ணன் பைக் சாவியோடு நிற்கிறார்.

சிவப்பு! டாக்டர் சீட்டில் அளவை மாற்றினால் அது கடைக்குப் போகிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு டெஸ்ட்டில்!

டெவலப்பர் பிரபு மறுபடி ஓடவிட்டான். பச்சை!

"பாத்தியா நஸீமா? ஆப் நல்லாத்தான் இருக்கு. ஒன்னோட டெஸ்ட்டுக்குத்தான் கிறுக்கு."

மூன்றாவது முறை ஓடவிட்டேன். சிவப்பு.

செந்தில் அண்ணன் பொறுமை இழந்துவிட்டார். "ஏம்மா, அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் அழிச்சு விட்ரு. போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

"மாட்டேண்ணே."

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. (மொத்தமே ஆறு பேர்தான், இருந்தாலும்!)

"சம்பளம் குடுக்குறது நான்தானம்மா?"

"தப்பு இருந்தாச் சொல்றதுக்குத்தானண்ணே குடுக்குறீங்க? சொல்லிட்டேன்."

"அப்ப நீ அழி பிரபு."

பிரபு என் முகத்தைப் பார்த்தான். கீபோர்டில் கை வைக்கவில்லை.

எனக்கு இறங்கிப் போக மனமில்லை. ஒரு போனில் வைஃபையை அணைத்து, செம்பட்டியில் கிடைப்பதுபோல் நெட்வொர்க்கை 2ஜிக்கு மாற்றி, அண்ணன் கையில் கொடுத்தேன்.

"செத்த நேரம் நீங்கதான் டாக்டரு. புள்ளைக்குக் காய்ச்ச மருந்து அஞ்சு மில்லின்னு போடுங்க."

போட்டார். மருந்துக்கடைக்காரராக நான் வைத்திருந்த இன்னொரு போனில் மெதுவாக வந்து சேர்ந்தது.

"சின்னப் புள்ளை, அம்புட்டு வேணாம். ரெண்டரைன்னு மாத்துங்க."

மாற்றினார். 'சேவ் ஆகிவிட்டது' என்று வந்தது.

என் போனை நீட்டினேன். அஞ்சு மில்லி. காத்திருந்தோம். அப்போதும் அஞ்சு மில்லி!

"நம்ம வைஃபைல பாதி நேரம் பச்சை வரும்ணே. செம்பட்டி டவர்ல என்ன வரும்? ஒங்க பாப்பாவுக்கு இந்தச் சீட்டை வச்சு மருந்து குடுப்பீங்களா?"

அண்ணன் வெளியே போய் டாக்டருக்கு போன் போட்டார்.

"சார், இன்னைக்கு வர முடியாது சார். ஆப்ல ஒரு தப்பு இருக்கு."

டாக்டர் கத்தியது எங்களுக்கே கேட்டது. வேறு கம்பெனி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் பிரபு காரணத்தைக் கண்டுபிடித்தான். மாற்றம் சர்வருக்குப் போய்ச் சேரும் முன்பே 'சேவ்' என்று காட்டியிருக்கிறது. இடையில் நெட் திணறினால் அந்த மாற்றம் போகவே போகாது! என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"நெட்டே இல்லாட்டி என்னாகும்னு இன்னொரு டெஸ்ட் எழுதுறியா?" என்று மட்டும் கேட்டான். அது போதும் எனக்கு!

சாயங்காலம் கிளம்பும்போது அண்ணன் கூப்பிட்டார். இன்னும் கோபம் தணியவில்லை.

"நாளைக்கு அந்த டாக்டரை நேர்ல பாத்துப் பேசணும். நீயும் வா. திட்டை நான் மட்டும் ஏன் வாங்கணும்?"

"வாரேண்ணே. அவரு எம்புட்டுத் திட்டுனாலும், சரியாகாம வெளிய விட மாட்டோம்னு நானே சொல்றேன்."

அண்ணன் முறைத்தார். அப்புறம், "ஒம்பது மணிக்கு வந்துரு" என்றார்.

டெஸ்டர் மக்களே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?